எல்லாம் ‘பிரச்சினை’தானே, பிறகேன் அஞ்சு சொல்லு?

2 பெப்ரவரி 2025

முள்ளியவளைப் பக்கத்துத் தம்பி ஒருத்தர் கேட்டிருக்கிறார். அவற்ற சொல்லிலயே போடுறன்:

“எங்கட வயலுக்கு வாற வாய்க்கால் மழைக்கு உடைஞ்சு போச்சு. சிறுபோகத்துக்கு முதல் கட்டோணும். கந்தோருக்கு இங்கிலிசில கடிதம் எழுதச் சொல்லி அப்பா நிக்கிறார். புரொப்ளம் எண்டு போடுறதோ, இஷ்யூ எண்டோ, ட்ரபிளோ, டிபிகல்டியோ, குவெஸ்ட்சனோ? தமிழில எல்லாம் பிரச்சினைதானே. ஏதாவது ஒண்டைப் போட்டால் விளங்காதோ?”

விளங்கும். உடைஞ்ச வாய்க்காலைப் படம் எடுத்து அனுப்பினாலும் விளங்கும். ஆனால் ஒண்டுக்குப் பதிலாய் மற்றதைப் போட்டால் வேற ஆள் வேற மாதிரி விளங்குவான்.

வாய்க்கால் உடைஞ்சது புரொப்ளம். தண்ணி வராமல் விதைக்கிறதுக்கு நீங்கள் படுற பாடு டிபிகல்டி. கட்டினாப் பிறகு மேல் வயல்காரருக்கு முதல் தண்ணியோ கடைசி வயல்காரருக்கு முதல் தண்ணியோ எண்டு கூட்டத்தில பிடுங்குப்படுவீங்கள், அது இஷ்யூ. எப்ப கட்டுவீங்கள் எண்டு கேட்டால் அது குவெஸ்ட்சன். பதில் வரேல்லை எண்டு கந்தோருக்கு மேல பெட்டிசம் போட்டால் உமக்கு வாறது ட்ரபிள்.

இஷ்யூ எண்டால் சின்னப் பிரச்சினை எண்டு வைச்சுக்கொள்ளும். கடிதத்தில புரொப்ளம் எண்டே போடும்.

2 பெப்ரவரி, இரவு

ஒண்டு விட்டுப்போச்சு. சொல்லின்ர பொருளைப் பாடமாக்கிறதை விட, அதுக்குப் பக்கத்தில எந்த வினைச்சொல் வந்து குந்துது எண்டு பாரும். குவெஸ்ட்சனுக்கு ஆன்சர். புரொப்ளத்துக்கு சொலூஷன். இஷ்யூவை ரெயிஸ் பண்ணலாம், டிஸ்கஸ் பண்ணலாம். டிஸ்கஸுக்குப் பின்னால ‘அபௌட்’ போடாதையும், என்னட்டை வாற பிள்ளையளில பாதி அதில விழுகிறது. ட்ரபிளுக்குள்ள ஆள் போய் விழுவார், கெட் இன்டு ட்ரபிள். டிபிகல்டி எண்டால் ‘ஹாவ் டிபிகல்டி’, அதுக்குப் பிறகு ‘இங்’ வாற சொல். ‘டிபிகல்டி டு வோக்’ இல்லை, ‘டிபிகல்டி வோக்கிங்’. இதை நான் ஏ.எல். படிக்கேக்க ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. வேலைக்குப் போய் அறிக்கை எழுதி, சிவப்புப் பேனையால கோடு வாங்கித்தான் படிச்சனான்.

3 பெப்ரவரி

நேற்று இஷ்யூவைச் சின்னப் பிரச்சினை எண்டது பிழை. படுக்கப் போனாப் பிறகுதான் உறைச்சது.

சின்னதா பெரிசா எண்டு இல்லை. ரெண்டு பக்கமும் கதைக்க இடமிருந்தால் அது இஷ்யூ. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தை எடுங்கோ. ஆசிய அபிவிருத்தி வங்கியின்ர உதவியோட 2010இல வந்த குடிநீர்த் திட்டம், இரணைமடுத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோறதாயிருந்தது. கிளிநொச்சி விவசாயிகள் மாட்டம் எண்டிட்டினம். சிறுபோகம் இரணைமடுவுக்குக் கீழ முழுக் காணியும் செய்ய ஏலாது, தண்ணியைப் பார்த்து ஏக்கர் பிரிக்கிற இடம் அது, எங்களுக்கே காணாது எண்டது அவையின்ர கதை. கிணத்துத் தண்ணி உப்பாயும் உரம் கலந்தும் கிடக்கு, குடிக்கக் குடுக்க மாட்டீங்களோ எண்டது அங்காலப் பக்கத்தின்ர கதை. கடைசியில தாளையடியில கடல் தண்ணியை நன்னீராக்கிற நிலையம் கட்டி ஒரு வழிக்கு வந்தது. எங்கட விவசாயிக்கு அது புரொப்ளம், யாழ்ப்பாணத்தில பிளாஸ்டிக் கானோட நிண்ட மனிசிக்கும் புரொப்ளம். ரெண்டையும் ஒரே மேசையில வைச்சால் இஷ்யூ. அதைச் சின்னது எண்டு சொன்ன என்ர வாயை என்ன செய்யிறது.

அந்தச் சொல்லு லத்தீனில ‘வெளிய போறது’ எண்டதில இருந்து பிரெஞ்சு வழியா வந்தது. எக்சிட் எண்டு பலகை கிடக்கே, அதுகும் அதே குடும்பம். வெளிய வாறதெல்லாம் இஷ்யூ. பத்திரிகையின்ர இதழ் இஷ்யூ. பழைய உறுதியளில பிள்ளைச் சந்ததி இஷ்யூ, ‘இஷ்யூ இல்லாமல் இறந்தார்’ எண்டால் பிரச்சினையில்லாமல் நிம்மதியாய்ச் செத்தார் எண்டில்லை, பிள்ளையில்லை. களஞ்சியத்தில இருந்து சாமான் வெளிய குடுத்தாலும் இஷ்யூதான்.

போன வருசம் ஒரு பிள்ளை அடையாள அட்டையில இருந்த ‘டேட் ஒஃப் இஷ்யூ’வைத் தமிழில எழுதினது: ‘பிரச்சினை நடந்த திகதி’. நான் சரி போடேல்லை. ஆனால் கனநேரம் பிழையும் போடாமல் வைச்சுக்கொண்டிருந்தனான். இடம்பெயர்ந்து செட்டிகுளத்தில மெனிக் பாம் முகாமில இருக்கேக்க எங்கட நிவாரண அட்டையிலயும் அந்தச் சொல்லு ஒரு நிரலில இருந்தது. மா, சீனி, பருப்பு, எண்ணெய், எத்தினை கிலோ இஷ்யூ எண்டு. அந்த நிரல் நிரம்பினால் பிரச்சினை இல்லை, வெறுமையாய்க் கிடந்தால்தான் பிரச்சினை.

5 பெப்ரவரி

‘வாட் இஸ் யுவர் புரொப்ளம்?’ எண்டு தயவுசெய்து ஒருத்தரையும் கேட்காதேங்கோ. நான் கேட்டனான். வெளிநாட்டுக்காரர் ஒருத்தர், தொப்பலாய் வேர்த்து, எங்கட வாசலில நிண்டு ஏதோ தேடிக்கொண்டு நிக்கிறார். ‘உங்களுக்கு என்ன பிரச்சினை ஐயா’ எண்டு அன்பாய்க் கேட்கிறதாய் நினைச்சு இதைக் கேட்டன். மனுசன் ரெண்டடி பின்னால போனார். இங்கிலிசில அது ‘உனக்கென்னடா கொழுப்பு’ எண்ட தொனி. ‘வாட்ஸ் த ட்ரபிள்’ எண்டோ ‘வாட்ஸ் த மேட்டர்’ எண்டோ கேட்டிருக்கோணும். அவர் தேடினது கழிப்பறை.

8 பெப்ரவரி

டிபிகல்டியைப் பற்றி இன்னும் எழுதோணும். அதில நான் சம்பளம் வாங்கி மாட்டுப்பட்டனான்.

மீள்குடியேறின பிறகு புதுக்குடியிருப்புப் பக்கம் வீடு வீடாய்ப் போய் மாற்றுத்திறனாளிகள் கணக்கெடுத்தம். வொஷிங்டன் குரூப் கேள்விகள் எண்டு ஆறு கேள்வி, உலகத்தில கன நாட்டில பாவிக்கிறது. பார்க்கிறது, கேட்கிறது, நடக்கிறது அல்லது படி ஏறுறது, நினைவு வைச்சிருக்கிறது, தன்னைத் தானே குளிச்சு உடுத்திப் பார்க்கிறது, கதைச்சு விளங்கப்படுத்திறது. ஒவ்வொண்டிலயும் டிபிகல்டி இருக்கோ எண்டு கேட்கோணும். பதில் நாலு படி: இல்லை, கொஞ்சம், நிறைய, செய்யவே ஏலாது.

நான் டிபிகல்டியைக் கஷ்டம் எண்டு போட்டிட்டன். முதல் வீட்டில ஒரு அம்மா. “கண்ணாடி போட்டாலும் பார்க்கிறதில கஷ்டம் இருக்கோ அம்மா?”

“கண்ணாடி வாங்கவே காசில்லை பிள்ளை. கஷ்டம் இல்லாமலோ?”

எங்கட ஆக்களுக்குக் கஷ்டம் எண்டால் வறுமை. ‘கஷ்டப்பட்ட குடும்பம்’ எண்டால் காலில வருத்தம் எண்டு ஒருத்தரும் நினைக்க மாட்டினம். ரெண்டாவது வீட்டில கடன், மூண்டாவது வீட்டில லீசிங் மோட்டச்சைக்கிள். பின்னேரம் வரை ஆறு கேள்விக்கும் காசுக் கதையே கேட்டன். அடுத்த நாள் படிவத்தில எல்லாம் சிரமம் எண்டு வெட்டி எழுதினம்.

செயற்கைக் கால் போட்ட ஒரு அண்ணை கிணத்தடியில நிண்டவர். வாளியைக் கீழ வைக்காமலே பதில் சொன்னார்: “நடக்கிறதில எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.” நான் ‘இல்லை’யில புள்ளடி போட்டன். பிறகு படி ஏறுறது எண்டு வாசிச்சன். வாளி கீழ வந்தது. “பஸ் படி உயரம். ஏற முதலே அவன் இழுத்திடுவான்.” அதுக்கு மேல ஒண்டும் சொல்லேல்லை. ‘நிறைய’ எண்டு போடச் சொன்னார்.

எங்களுக்கு மேல இருந்தவர் அந்தப் படிவத்தைப் பார்த்திட்டு, கால் இல்லாத ஆள், ‘செய்யவே ஏலாது’ எண்டெல்லோ வரோணும் எண்டார். இல்லை. கேள்வி காலைப் பற்றினது இல்லை, நடையைப் பற்றினது. அங்க புரொப்ளம் எண்டு கேட்டிருந்தால் ஆக்கள் காயத்தைச் சொல்லுவினம், ஷெல் விழுந்த நாளைச் சொல்லுவினம். டிபிகல்டி எண்டபடியால்தான் பஸ் படி வந்தது.

9 பெப்ரவரி

நேற்றைய கதையைப் பார்த்திட்டு ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறா: “அப்ப கஷ்டப் பிரதேசம்?” நல்ல கேள்வி. எங்கட பள்ளிக்கூடங்களைக் கஷ்டம், அதிகஷ்டம் எண்டு தரம் பிரிச்சு வைச்சிருக்கே, இங்கிலிசில டிபிகல்ட். யாருக்கு டிபிகல்ட்? படிப்பிக்க வாற ஆளுக்கு. பஸ் இல்லை, தங்க இடமில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது ஊர். அதிகஷ்டப் பிரதேச அலவன்ஸ் பிள்ளைக்கு வாறேல்லை.

12 பெப்ரவரி

ட்ரபிள். லத்தீனில கலங்கின தண்ணியைச் சொல்லுற சொல்லில இருந்து வந்தது. எருமை இறங்கின குளம் மாதிரி. தமிழிலயும் கலங்கிறது எண்டால் தண்ணிக்கும் மனசுக்கும் ஒரே சொல்லுத்தானே எண்டு எழுத இருந்தன். மல்லாவி அண்ணை ஒருத்தர் முந்திட்டார்: “பிள்ளை, ட்ரபிளுக்கு எங்களிட்டைச் சொல்லு இருக்கு. கரைச்சல்.”

இத்தினை வருசம் மொழிபெயர்ப்பு வேலை செய்து, ஒரு நாளும் ஒரு அறிக்கையிலயும் கரைச்சல் எண்டு போட்டதில்லை. வாயில நாளுக்குப் பத்துத் தரம் வரும். எஞ்சின் கரைச்சல் குடுக்குது, பெடியன் கரைச்சல், அந்தாளோட எனக்கேன் கரைச்சல். ட்ரபிள் போற இடமெல்லாம் அப்படியே போகுது. எழுத்தில வந்தால் மட்டும் சட்டை போட்டுப் ‘பிரச்சினை’ ஆகிடுது.

அதோட சிக்கல் இருக்கு, வலைக்கும் தலைமயிருக்கும் விழுகிறது. காணி உறுதிக்கு வில்லங்கம். சோலி, அது சுரட்டோடதான் வரும். பிணக்கு, அது மத்தியஸ்த சபையில, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ வந்த சபை, இங்கிலிசில டிஸ்பியூட். தம்பி, தமிழில ஒரு சொல்லுத்தான் எண்டு தொடங்கினது நீர். நானும் ஓமெண்டு தலையாட்டினனான்.

12 பெப்ரவரி, பிறகு

ட்ரபிளுக்குப் பன்மை இல்லை, ‘எ ட்ரபிள்’ எண்டும் சொல்லுறேல்லை எண்டு வகுப்பில அடிச்சுச் சொல்லுறனான். பொதுவாய்ச் சரி. ஆனால் வட அயர்லாந்தில முப்பது வருசம் நடந்ததுக்கு அங்கத்தைய ஆக்கள் வைச்ச பேரே ‘த ட்ரபிள்ஸ்’. 1998 உடன்படிக்கையோட முடிஞ்சது எண்டு சொல்லுறது. குண்டு வெடிச்சு, ஆக்கள் செத்து, ஊரை மதில் கட்டிப் பிரிச்சதுக்கு ‘கரைச்சல்கள்’ எண்டு பேர்.

சிரிக்க வெளிக்கிட்டு நிப்பாட்டினன். நாங்கள் என்ன சொல்லுறம்? ‘பிரச்சினை நேரம்’. ‘பிரச்சினைக்கு முதல் இந்த வீடு ஓட்டு வீடு’. ‘பிரச்சினை முடிஞ்சு வந்து பார்த்தா ஒண்டுமில்லை’. என்ர அம்மா யுத்தம் எண்ட சொல்லை வாயால சொல்லி நான் கேட்டதில்லை.

13 பெப்ரவரி

பிரச்சினையோ பிரச்சனையோ எண்டு ரெண்டு பேர் சண்டை. நான் ‘சி’ போடுறன், நீங்கள் ‘ச’ போடுங்கோ. அது தமிழ்ச் சொல்லும் இல்லை. வடமொழிப் பிரச்ன, அதுக்குப் பொருள் கேள்வி. பிரச்ன உபநிடதத்தில ஆறு பேர் ஆறு கேள்வி கேட்கினம், ஆறு பேருக்குப் பிரச்சினை எண்டு இல்லை. எங்களிட்டை வந்து சேரேக்க கேள்வி எண்ட பொருள் வழியில விழுந்து போச்சு.

சிங்களத்தில விழேல்லை. பிரஷ்னய எண்டால் கேள்வியும்தான், பிரச்சினையும்தான். வினாத்தாளும் பிரஷ்ன பத்திரய. ஓமந்தைச் சோதனைச் சாவடியில நான் ஏதோ கேட்க வாயைத் திறந்திட்டு மூடினாப் பிறகு, அந்தப் பெடியன் என்ர வயசுதான் இருப்பான், “மொகக்த பிரஷ்னே?” எண்டான். என்ன பிரச்சினை எண்டு அதட்டுறான் எண்டு நினைச்சு, ஒண்டுமில்லை ஒண்டுமில்லை எண்டு பையைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன். என்ன கேள்வி எண்டு கேட்டிருப்பானோ. நான் கேட்க நினைச்சது அடுத்த பஸ் எத்தினை மணிக்கு எண்டு. வெயிலில ரெண்டு மணித்தியாலம் நிண்டனான்.

20 பெப்ரவரி

இண்டைக்கு எட்டு வருசம். 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர சொந்தங்கள் பதில் கேட்டுப் போராட்டத்தில வந்து குந்தினவை.

அதுக்குப் பிறகு ஒருக்கால் வெளியில இருந்து வந்த குழு ஒண்டுக்கு நான் மொழிபெயர்க்கப் போனனான். ஒரு அம்மா படத்தை மடியில கவிட்டு வைச்சிருந்தா. கதைக்கத் தொடங்கேக்கதான் நிமித்தினா. “என்ர கையால ஒப்படைச்சனான். அவன் எங்க?” ரெண்டே வசனம். நான் இங்கிலிசில சொன்னது, தமிழில திருப்பினால் இப்பிடி வரும்: ‘காணாமல் போனோர் இஷ்யூவை இந்தத் தாய் எழுப்புகிறார்’. வந்தவை குறிச்சினம். எழுதச் சுகமான வசனம் அது.

அண்டைக்கு அது பிழை எண்டு எனக்குத் தெரியேல்லை. அலுவலக இங்கிலிசு நல்லா வருது எண்டு உள்ளுக்க சந்தோசம் கூட. அவ எழுப்பினது இஷ்யூ இல்லை. அதில ரெண்டு பக்கம் கதைக்க இடமில்லை. புரொப்ளமும் இல்லை, தீர்வு எண்டு ஒரு கட்டடமும் கொஞ்சக் காசும் கொண்டு வாறதுக்கு. அது கேள்வி. கேள்விக்கு வேண்டியது பதில் மட்டும்தான். மூண்டாம் திகதி இஷ்யூவுக்கு இரணைமடு, எக்சிட், அடையாள அட்டை எண்டு எவ்வளவு எழுதித் தள்ளினன், இதை விட்டிட்டன். மறந்து இல்லை.

21 பெப்ரவரி

டவுட்டைப் பற்றி ரெண்டு பேர் கேட்டிருக்கினம். சுருக்கமாய். ‘சேர், ஐ ஹாவ் எ டவுட்’ எண்டு கை உயர்த்திறது எங்கட பக்கத்து இங்கிலிசு, இந்தியாவிலயும் உண்டு. சந்தேகம் எண்டதை அப்படியே தூக்கிப் போட்டது. வெள்ளைக்காரருக்கு டவுட் எண்டால் நம்பேல்லை எண்டு அர்த்தம். ஒரு கணக்காளரிட்டை அவவின்ர வவுச்சரைக் காட்டி ‘ஐ ஹாவ் எ டவுட்’ எண்டிட்டன். கூட்டலைத் திரும்ப மூண்டு தரம் போட்டுக் காட்டினா, பிறகு ஒரு கிழமை முகம் குடுக்கேல்லை. குவெஸ்ட்சன் எண்டிருந்தால் அரை நிமிசத்தில முடிஞ்சிருக்கும். குவெரி எண்டும் போட்டிருக்கலாம், ஆனால் அரசாங்கக் கந்தோரில வேலை செய்யிற ஆக்களுக்கு ஓடிட் குவெரி எண்டாலே வயித்தைக் கலக்கும்.

1 மார்ச்

டவுட்டால ஞாபகம் வந்தது. ஒரு பெரிய ஆசுப்பத்திரியில இங்கிலிசில ‘என்குவயரீஸ்’ எண்டு பலகை, கீழ தமிழில ‘விசாரணை’. மச்சாளின்ர மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனனான். அவ எழுத்துக் கூட்டி வாசிச்சிட்டு அந்த யன்னல் பக்கம் வரவே மாட்டன் எண்டு வாங்கில இருந்திட்டா. கையில அடையாள அட்டையை எடுத்துப் பிடிச்சுக்கொண்டு. ஒரு குடும்பத்தில மூண்டு பேரை விசாரணைக்கு எண்டு கூப்பிட்ட இடத்தில அந்தச் சொல்லை வைக்கலாமோ. ‘இங்கே கேளுங்கள்’ எண்டு எழுதினால் பெயின்ற் கூட முடியுமே தவிர வேற என்ன.

15 மார்ச்

காலமை எட்டு மணியில இருந்து அஞ்சு நிமிசம் நாடு முழுக்கக் குரங்கும் மயிலும் மரஅணிலும் எண்ணினவை. நாங்களும் முத்தத்தில நிண்டம். அண்டைக்கெண்டு ஒரு குரங்கும் வரேல்லை. எட்டு இருபதுக்கு வந்து பப்பாசி முழுக்க முடிச்சிட்டுப் போச்சுது.

எண்ணிக்கொண்டு நிக்கேக்க யோசிச்சன்: யானைக்குப் பிரச்சினை எண்டுறம், குரங்குக்குத் தொல்லை, நுளம்புக்கு ஆக்கினை. குரங்குப் பிரச்சினை எண்டும் சொல்லலாம், ஆனால் யானைத் தொல்லை எண்டால் ஏதோ யானை வாசலில வந்து பாட்டுப் போடுற மாதிரிக் கிடக்கு. ஆள் சாகிற இடத்தில தொல்லை வாறேல்லை.

22 மார்ச்

தம்பிக்குப் பதில் வந்திட்டுதாம். கடிதத்தைத் தமிழிலயே எழுதும், தமிழும் அரசகரும மொழி, 13ஆம் திருத்தத்தில இருக்கு எண்டு நான் தனியாய்ச் சொன்னனான். அவர் ரெண்டிலயும் எழுதி, இங்கிலிசில புரொப்ளம் எண்டும் டிபிகல்டி எண்டும் சரியான இடத்தில போட்டு அனுப்பினவர். பதில் இங்கிலிசில, ஒரு வரி. த மேட்டர் இஸ் பீயிங் லுக்ட் இன்டு.

“அக்கா, நீங்கள் சொன்ன அஞ்சிலயும் ஒண்டில்லையே. மேட்டர் எண்டால் என்ன?”

சங்கதி, விசயம், அவ்வளவுதான். புரொப்ளம் எண்டால் தீர்க்கோணும், குவெஸ்ட்சன் எண்டால் பதில் சொல்லோணும், மேட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பழைய லத்தீனில அதுக்கு மூலச் சொல்லு மரத்தைக் குறிச்சது, கட்டடம் கட்டுற மரம் எண்டும் எழுதிவிட்டன், சும்மா அறிவுக்கு.

பின்னேரம் அவரிட்டை இருந்து ஒரு படம். உடைஞ்ச இடத்தில ரெண்டு பனங்குத்தி குறுக்க, அதுக்கு மேல மண்மூட்டை அடுக்கு, பக்கத்தில அப்பாவும் இன்னும் நாலு பேரும் சேத்தோட நிக்கினம். கீழ எழுதியிருந்தார்: “மேட்டர் போட்டு மறிச்சாச்சு அக்கா.”